உள் ஹெர்னியாவால் குடல் அடைப்பு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் அண்ணனுக்குக் குடல் அடைப்பு என்று அவசர ஆபரேஷன் முடிந்து, இப்போது வார்டில் இருக்கிறார். இதற்கு முன் வயிற்றில் கத்தியே பட்டதில்லை. வெளியே குடலிறக்க வீக்கமும் கிடையாது. அதனால்தான் முதலில் யாருக்கும் பிடிபடவில்லை.

சி.டி. ஸ்கேனில் சிறுகுடல் வளையங்கள் இடது மேல்வயிற்றில் ஒரு பைக்குள் திணித்தது போலக் கொத்தாகத் தெரிந்தன. இடது பாராடியோடினல் ஹெர்னியாவாம். பிறவியிலேயே உள்ளே இருக்கும் ஒரு குழிக்குள் குடல் நுழைந்து சிக்கிக்கொள்வது. பெரியவர்களுக்குச் சிறுகுடல் அடைபட்டால் பெரும்பாலும் பழைய ஆபரேஷனால் உண்டான ஒட்டுகள்தான் (உள்ளே குடலை ஒட்டிப் பிடிக்கும் தழும்புகள்) காரணம், இது அபூர்வம். நல்லவேளை, குடல் கறுக்கவில்லை. வெளியே இழுத்துவிட்டு, திறப்பைத் தைத்து மூடிவிட்டார்கள்.

பல வருஷமாகவே சாப்பிட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்காருவார். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். அல்சர், கேஸ் என்று மாத்திரைதான் போனது, எண்டோஸ்கோபியும் நார்மல். குடல் உள்ளே போய்ப் போய் வந்திருக்கலாம் என்கிறார் சர்ஜன்.

இதே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா? வழக்கமான சாப்பாட்டுக்கு எப்போது திரும்பினீர்கள்? பாரம் தூக்க எவ்வளவு காலம் விட்டார்கள்? அப்புறம், இந்த ஆபரேஷனாலேயே ஒட்டு உண்டாகி மறுபடி அடைப்பு வந்ததா? அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். கை வைத்தியம் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.