இருபதுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் தோற்ற ஹோவி ஹாக்கின்ஸின் வாழ்வை எப்படி மதிப்பிடுவது?

இளவேனில் (கேள்வி):

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கப் பசுமைக் கட்சியைச் சேர்ந்த ஹோவி ஹாக்கின்ஸைப் பற்றி அண்மையில் படித்து வருகிறேன். 1952-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த அவர், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் சீபுரூக்கில் அணுமின் நிலையம் கட்டப்படுவதை எதிர்த்து 1976-இல் உருவான கிளாம்ஷெல் கூட்டணியைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 1991-இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் குடியேறினார். பின்னர் பல ஆண்டுகள் இரவுப் பணியில் பார்சல் லாரிகளிலிருந்து சுமை இறக்கிக்கொண்டே நகரமன்றம், மேயர், செனட், ஆளுநர், குடியரசுத் தலைவர் எனப் பல பதவிகளுக்குப் போட்டியிட்டார். எதிலும் வெற்றி பெற்றதில்லை.

தோற்பது உறுதி என்று தெரிந்த தேர்தல்களில் இத்தனை ஆண்டுகளைச் செலவிடாமல், சீபுரூக்கில் செய்ததைப் போல மக்கள் இயக்கத்திலேயே முழு உழைப்பையும் செலுத்தியிருந்தால் சுற்றுச்சூழலுக்குக் கூடுதல் பயன் கிடைத்திருக்காதா? அவருடைய அரசியலை நன்கு அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கரிசல்காடன்:

இயக்கத்தையும் தேர்தலையும் இரு வேறு வழிகளாகப் பிரித்துக்கொண்டால் அவரைப் புரிந்துகொள்ள முடியாது என்றே நினைக்கிறேன். 1977 மே மாதத் தொடக்கத்தில் சீபுரூக் கட்டுமானத் தளத்தில் அறவழியில் அமர்ந்த 1,414 பேர் கைது செய்யப்பட்டு, பலர் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் காவலில் வைக்கப்பட்டனர். திட்டமிட்ட இரு உலைகளில் ஒன்று கைவிடப்பட்டது. மற்றொன்று கட்டி முடிக்கப்பட்டு 1990-இல் இயங்கத் தொடங்கியது. அத்தனை பெரிய எதிர்ப்புக்குப் பிறகும் கடைசி முடிவை எடுத்தவர்கள் ஆட்சியில் இருந்தவர்களே. 1984-இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் கூடி அமெரிக்காவில் பசுமை அரசியலுக்கு வித்திட்டவர்களுள் ஹாக்கின்ஸும் ஒருவர். இடையில் கட்டடத் தொழிலாளியாக வேலை செய்தார். சூரிய ஆற்றல், காற்றாலைக் கருவிகளைப் பொருத்தித் தரும் தொழிலாளர் கூட்டுறவு ஒன்றை உருவாக்குவதிலும் பங்கேற்றார். மாற்று எரிசக்தியைத் தன் கைகளால் நிறுவிப் பார்த்த ஒருவர் அதை வேட்பாளராக நின்று பேசினார் என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

"எதிலும் வெற்றி பெற்றதில்லை" என்பது உண்மைதான். ஆனால் எல்லாத் தோல்விகளும் ஒரே அளவினவல்ல. 2011-இல் சிரக்யூஸ் நகரமன்றத்தின் நான்காவது வட்டாரத்தில் அவர் ஏறத்தாழ 48 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். வீடு வீடாகச் சென்று பேசக்கூடிய சிறிய தொகுதியில், பெருங்கட்சிக்கு இணையாக ஒரு சிறு கட்சி நிற்க முடியும் என்பதற்கு அது போதிய சான்று.

2010 நியூயார்க் ஆளுநர் தேர்தலில் அவர் முன்வைத்தது 'பசுமைப் புதிய ஒப்பந்தம்' (Green New Deal), அதாவது அரசு முதலீட்டால் மாற்று எரிசக்திக்கு மாறி, வேலைவாய்ப்பையும் உருவாக்கும் திட்டம். அமெரிக்காவில் அந்தப் பெயரையே பிரசாரத்தின் மையமாக வைத்துப் போட்டியிட்ட முதல் வேட்பாளர் அவர். அதே பெயரில் ஒரு தீர்மானம் அமெரிக்க நாடாளுமன்றத்திற்கு வந்தது 2019-இல்தான். அந்தத் தீர்மானம் நிலத்தடிப் பாறையைப் பிளந்து எரிவாயு எடுப்பதற்குத் தடை கோரவில்லை, அணுமின்சாரத்தைக் கைவிடவும் சொல்லவில்லை என்று அவர் வெளிப்படையாகக் குறை கூறினார்.

நெடுவழி:

கரிசல்காடன் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் அவரை ஆதரிப்போர் அடிக்கடி முன்வைக்கும் ஒரு வாதத்தை அப்படியே ஏற்க முடியவில்லை. 2014 நவம்பரில் நடந்த ஆளுநர் தேர்தலில் ஹாக்கின்ஸ் 1,84,000-க்கும் மேற்பட்ட வாக்குகளை, அதாவது ஏறத்தாழ 5 விழுக்காட்டை, பெற்றார். அடுத்த மாதமே ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவின் அரசு பாறை பிளக்கும் எரிவாயு முறைக்குத் தடை அறிவித்தது. இரண்டையும் இணைத்து, வாக்குக்கு அஞ்சித்தான் தடை வந்தது என்கிறார்கள்.

ஆனால் அம்முறைக்கு எதிரான போராட்டம் 2008 முதலே நடந்து வந்தது. டிரைடன், மிடில்ஃபீல்டு போன்ற சிற்றூர்கள் தத்தம் எல்லைக்குள் துரப்பணத்தைத் தடைசெய்தன. 2014 ஜூனில் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உரிமையை உறுதி செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் குவோமோவின் சொந்தக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்திய முதற்கட்டத் தேர்தலில், அம்முறையை எதிர்த்த ஜெஃபிர் டீச்சவுட் மூன்றில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்றார். மாநிலச் சுகாதாரத் துறையின் ஆய்வும் வெளியானது. ஹாக்கின்ஸின் வாக்குகள் இந்த அழுத்தத்தில் ஒரு பகுதி. அதற்கு மேல் உரிமை கோரினால், ஊர்க் கூட்டங்களில் ஆண்டுக்கணக்காக வாதாடியவர்களுக்கு நாம் அநீதி செய்தவர்களாவோம்.

கரிசல்காடன்:

நியாயமான திருத்தம். 'ஒரு பகுதி' என்பதையே நானும் ஏற்கிறேன். ஆனால் முதற்கட்டத் தேர்தல் முடிந்த பிறகும் அந்தக் கோரிக்கையை நவம்பர் வாக்குச்சீட்டு வரை கொண்டுசெல்ல ஒருவர் தேவைப்பட்டார். அந்த இடத்தை நிரப்பியவர் அவர்தான்.

ஆற்றங்கரை:

இந்த உரையாடலில் விடுபட்டிருப்பது தேர்தல் சட்டம். அதைப் பார்க்காமல் இளவேனிலின் கேள்விக்கு விடை கிடைக்காது.

நியூயார்க்கில் ஒரு கட்சியின் பெயர் தானாகவே வாக்குச்சீட்டில் இடம்பெற வேண்டுமானால், ஆளுநர் தேர்தலில் 50,000 வாக்குகள் பெற்றிருக்க வேண்டும் என்பதே பழைய விதி. 2010-இல் ஹாக்கின்ஸ் பெற்ற ஏறத்தாழ 60,000 வாக்குகள் மொத்தத்தில் 1.3 விழுக்காடுதான். எனினும் அவற்றால் கட்சிக்கு நான்கு ஆண்டு அங்கீகாரம் கிடைத்தது. சிற்றூர்ப் பதவிகளுக்குக்கூட அக்கட்சியினர் எளிதாகப் போட்டியிட முடிந்தது. ஆளுநராக முடியாது என்று அறிந்தும் அவர் நின்றதற்கு இது உறுதியான, நடைமுறைக் காரணம். 2014-லும் 2018-லும் அந்த அங்கீகாரத்தை அவரே காத்துக் கொடுத்தார்.

2020-இல் விதி மாறியது. 1,30,000 வாக்குகள் அல்லது 2 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதை இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை பெற வேண்டும். அங்கீகாரம் இல்லாத கட்சிகள் திரட்ட வேண்டிய கையொப்பங்கள் 15,000-இலிருந்து 45,000 ஆயின. குடியரசுத் தலைவர் வேட்பாளராக நாடு முழுவதும் நான்கு லட்சத்துக்குச் சற்று மேல் வாக்குகள் பெற்ற அதே ஆண்டில், சொந்த மாநிலத்தில் அவருடைய கட்சி அங்கீகாரத்தை இழந்தது. விஸ்கான்சினில் துணை வேட்பாளர் ஏஞ்சலா வாக்கரின் முகவரி குறித்த சிக்கலால் அவர்கள் பெயரே வாக்குச்சீட்டில் இடம்பெறவில்லை. மாநில உச்ச நீதிமன்றமும் 4-க்கு 3 என்ற கணக்கில் தலையிட மறுத்தது. 2022 நியூயார்க் ஆளுநர் தேர்தலில் வாக்குச்சீட்டில் இரண்டே வேட்பாளர்கள்தான் இருந்தனர். இது எனக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தருகிறது. பெருங்கட்சிகள் பேச மறுப்பதைப் பேச நினைக்கும் வாக்காளருக்கு அங்கே இடமே இல்லாமற்போகிறது.

இளவேனில்:

மூவருக்கும் நன்றி. 50,000 வாக்கு விதியை நான் அறிந்திருக்கவில்லை. இன்னும் ஒரு ஐயம்: இத்தகைய வேட்பாளர் வாக்குகளைப் பிரித்து, சுற்றுச்சூழலுக்கு மேலும் கேடு செய்பவரை வெல்ல வைத்துவிட மாட்டாரா?

நெடுவழி:

நெருக்கமான போட்டிகளில் அந்த அச்சம் நியாயமானது. அதை ஒதுக்கித் தள்ளக் கூடாது. ஆனால் 2014-இல் குவோமோ பதின்மூன்று விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார், ஆகவே அங்கு அது பொருந்தாது. ஹாக்கின்ஸ் முன்வைத்து வரும் தீர்வு தரவரிசை வாக்குமுறை: வாக்காளர் விருப்ப வரிசையில் எண்ணிடுவார், முதல் விருப்பத்துக்குரியவர் வெளியேறினால் அவ்வாக்கு அடுத்தவருக்குச் செல்லும். மேய்ன் மாநிலம் 2018 முதல் நாடாளுமன்றத் தேர்தல்களில் இதைப் பயன்படுத்துகிறது. நியூயார்க் நகரில் 2021 முதல் முதற்கட்டத் தேர்தல்களில் நடைமுறையில் உள்ளது. ஆளுநர் தேர்தலுக்கு நியூயார்க் மாநிலம் இன்னும் இதை ஏற்கவில்லை.