செய்து காட்டாமல் ஆடச் சொல்வது: சின்னப் பிள்ளைகளோடு எங்கள் அனுபவங்கள்

கோண்டாவில் ரீச்சர்:

பரதம் படித்துப் பரதமே சொல்லிக்கொடுத்து வந்தவள் நான். இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு முன்பள்ளியில், கிழமைக்கு ஒரு நாள் 40 நிமிடம், நாலு ஐந்து வயதுப் பிள்ளைகள் 18 பேருக்கு ஏதாவது ஆட்டம் பழக்கச் சொல்லிக் கேட்டார்கள். பரதத்தின் அரைமண்டி நிலை, அடவு எல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் பிள்ளைகள் தங்கள் உடம்பால் தாங்களே எதையாவது கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

முதல் நாள் "எல்லாரும் முயல்" என்றேன். 18 பேரும் இரண்டு விரலைத் தலையில் வைத்துக்கொண்டு குதித்தார்கள். கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, நான் செய்து காட்டியதுதான் 18 பிரதியாகத் திரும்பி வந்தது. அடுத்த கிழமை பனைமரம். நான் கைகளைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தேன், பிள்ளைகளும் சாய்ந்தார்கள். ஒருத்தி மட்டும் விறைத்துப்போய் நின்றாள்.

"ஏன் பிள்ளை ஆடேல்லை?"

"பனை ஆடாது ரீச்சர். ஓலைதான் ஆடும்."

பார்த்தால், தலைக்கு மேலே அவளுடைய பத்து விரல்களும் சரசரவென்று நடுங்கிக்கொண்டிருக்கின்றன. பிறந்ததில் இருந்து பனைக்குக் கீழே நடந்தவள் நான், எனக்கு அது தெரியவில்லை. நான் ஆடிக் காட்டியது ஏதோ தென்னை.

அன்றைக்கே செய்து காட்டுவதை நிறுத்துவது என்று முடிவெடுத்தேன். சொல்வது சுலபம். நடனம் படித்த உடம்பு சும்மா நிற்காது, கை தானாக எழும்பும். கொஞ்ச நாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வகுப்பு நடத்தினேன். அப்புறம் இன்னொன்று பிடிபட்டது. பெயர்ச்சொல்லைக் கொடுத்தால் பிள்ளைகள் படம் காட்டுகிறார்கள், வினைச்சொல்லைக் கொடுத்தால் அசைகிறார்கள். "முயல்" என்றால் காது. "பதுங்கு" என்றால் 18 விதமான பதுங்கல்.

குதிப்பது என்ற ஒன்றுக்கே எங்களிடம் எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள். தத்து, துள்ளு, தாவு, பாய், எம்பு, நொண்டு. தத்துவதற்குக் கால்கள் ஒட்டியிருக்க வேண்டும், தாவுவதற்கு இங்கிருந்து அங்கே என்று ஓர் இடைவெளி வேண்டும், எம்புவதற்கு மேலே எட்டிப் பிடிக்க ஏதாவது வேண்டும். ருடோல்ஃப் லாபான் என்ற நடன ஆய்வாளர் இங்கிலாந்தில் இருந்தபோது 1948இல் பள்ளிப் பிள்ளைகளின் நடனம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அசைவை எடை, நேரம், வெளி, ஓட்டம் என்று நாலு பக்கத்தால் பார்ப்பது அவருடைய வழி. அதைப் படித்தபோது விளங்கவில்லை. தத்துவதையும் தாவுவதையும் பிள்ளைகள் செய்யப் பார்த்தபோதுதான் விளங்கியது.

உங்களுக்கு எப்படி? நன்றாகப் போனதை மட்டும் எழுதாமல் சறுக்கியதையும் எழுதுங்கள்.

இளைப்பாறிய தமிழ் வாத்தியார்:

நான் ஆட்டக்காரன் அல்ல, பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறவன். ஆனால் ரீச்சர், இந்த வினைச்சொல் விசயத்தை எங்கள் ஆட்கள் எப்போதோ பிடித்துவிட்டார்கள். பிள்ளைத்தமிழின் பருவங்களை எடுத்துப் பாருங்கள். செங்கீரை என்பது ஐந்தாம் மாதம், ஒரு காலை மடக்கி மற்றக் காலை நீட்டி, கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி, கை கொட்டுவது. பிறகு வாரானை, நடந்து வரச் சொல்லிக் கூப்பிடுவது. பிள்ளை எந்த மாதத்தில் எப்படி அசையும் என்ற கணக்கை வைத்துத்தான் பாட்டே கட்டியிருக்கிறார்கள். வகுப்பில் 30 வருடம் இதைப் படிப்பித்தேன். பேத்தி நிலத்தில் கையூன்றி ஆடியதைக் கண்ட பிறகுதான் "ஓ, இதுதானா செங்கீரை" என்று வாயைப் பிளந்தேன்.

வடமராட்சி முன்பள்ளி:

சறுக்கியதை எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

எங்களிடம் ஒரு பழைய பாண்ட் ட்ரம் இருந்தது. மெல்லத் தட்டினால் மெல்ல நட, வேகமாகத் தட்டினால் ஓடு, ஒரே ஒரு அடி பலமாக விழுந்தால் தரையில் படு. பிள்ளைகளுக்கு அந்த "டும்" என்றால் உயிர். படபடவென்று விழுவார்கள், முகத்தை நிலத்தில் புதைத்துக் கையால் தலையை மூடுவார்கள். அந்தக் கையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, எங்கிருந்து வந்ததோ தெரியாது. எனக்கும் அது வடிவாக இருந்தது.

ஒரு நாள் வெள்ளனவே பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அம்மம்மா ஒருவர் யன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் "டும்" என்று அடித்தேன். பிள்ளைகள் விழுந்தார்கள். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா யன்னல் கம்பியைப் பிடித்தபடி பாதி குனிந்து நிற்கிறார். ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். ஏச்சுப் பேச்சு ஒன்றும் இல்லை. "இந்த விளையாட்டு மட்டும் வேண்டாம் பிள்ளை" என்றார், அவ்வளவுதான். நானே சின்ன வயதில், சண்டைக் காலத்தில், பங்கருக்குள் இருந்தவள். அந்த அசைவை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று இரவு முழுக்க யோசித்தேன். இந்தப் பிள்ளைகள் சண்டை முடிந்த 2009க்குப் பல வருடம் கழித்துப் பிறந்தவர்கள், அவர்களுக்கு அது வெறும் பகிடி. ஆனால் வாசலில் நிற்கிறவர்கள் எல்லாரும் அப்படி இல்லையே.

அடுத்த கிழமை விளையாட்டைத் தலைகீழாக மாற்றினேன். விதை மாதிரிப் படுத்திருப்பதுதான் தொடக்கம். பால்மா ரின்னுக்குள் அரிசி போட்டு மெல்லக் குலுக்க, விரல் எழும்பும், பிறகு முழங்கை, பிறகு தலை. சத்தம் கூடக் கூட முளை வளரும். ட்ரம்மைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். இதில் எதிர்பாராத நன்மை ஒன்று, பெரிய சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போகும் ஒரு பெடியன் அரிசிச் சத்தத்துக்கு நடுவுக்கு வந்தான். அந்த அம்மம்மா இப்போதும் யன்னலடியில் நிற்பார். அரிசி ரின்னைக் குலுக்குவது சில நாள் அவர்தான்.

கொக்குப்பட்டம்:

எனது ஊர் வல்வெட்டித்துறை. மகனை இந்த மாதிரி வகுப்புக்கு மனைவி சேர்த்தபோது "பெடியனுக்கு என்ன ஆட்டம்" என்று கேட்ட ஆள் நான்தான், ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. என் தகப்பனார் காத்தவராயன் கூத்தில் பெண் வேசம் கட்டி ஆடியவர் என்பதை மனைவிதான் ஞாபகப்படுத்தினார்.

ஒரு நாள் போய்ப் பின்னால் கதிரையில் இருந்து பார்த்தேன். இரண்டு இரண்டு பேராகப் பட்டமும் பட்டம் விடுகிறவனும். நடுவில் கயிறு இல்லை, இருப்பதாக நினைக்க வேண்டும். முதலில் ஒரே ஓட்டமும் மோதலும்தான். அந்த ரீச்சர் "கயிறு தொய்யக்கூடாது, அறுபடவும் கூடாது" என்று மட்டும் சொன்னார். என் மகன் கையைக் கொஞ்சம் இழுத்தான், எதிரில் நின்ற பிள்ளை நெஞ்சை முன்னால் தள்ளி எழும்பினாள். அவன் விட்டுக்கொடுக்க அவள் பின்னால் சரிந்தாள். தைப்பொங்கலுக்கு எங்கள் கடற்கரையில் பட்டம் ஏற்றுகிறபோது கையில் தெரிகிற அந்த இழுவை எனக்கு அப்படியே தெரிந்தது. முச்சை நூலைச் சரியாகக் கட்டாத பட்டம் போல ஒருத்தன் சுழன்று சுழன்று நிலத்தில் குத்தினான். அதுவும் சரிதான், அப்படியும் பட்டம் இருக்கிறது. கடைசியில் எல்லாரும் காற்றில் கூவுகிற விண் பூட்டிய பட்டம் மாதிரி "ங்ஙோ" என்று கூவினார்கள். காது அடைத்துவிட்டது.

மானிப்பாய் அக்கா:

எனக்குச் சறுக்கியது கலைவிழாவில். எந்த இடம் என்று சொல்லமாட்டேன். வருடம் முழுக்கப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடித்த ஆட்டம், மேடை என்றதும் "வரிசையாக நிக்க வையுங்கோ, சினிமாப் பாட்டுப் போடுங்கோ" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். சரிகை உடுப்பு, இறுக்கிய முடி, சொறிச்சல். மூன்று பேர் அழுதார்கள், ஒருத்தன் மேடையிலேயே சிறுநீர் கழித்தான். பெற்றோர் கைதட்டினார்கள். அடுத்த வருடம் மேடையே வேண்டாம் என்று, ஒரு வகுப்பை முற்றத்தில் நடத்திப் பெற்றோரைச் சுற்றி இருக்க வைத்தேன். "சங்கீத சபை நடத்துற நடனச் சோதினைக்கு எப்ப போடலாம்?" என்று ஒரு தாய் கேட்டார். போடலாம், நல்ல சோதினைதான், பிள்ளைக்கு வயது வரட்டும் என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை.

கோண்டாவில் ரீச்சர்:

அக்கா, அந்த முற்றத்து யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன். கேட்காமல் எடுத்தேன் என்று சொல்லாதையுங்கோ. நாங்கள் போன கிழமை "உருகு" செய்தோம். ஐஸ்பழம் வெயிலில் உருகுவது. எல்லாரும் மெல்ல மெல்லத் தரைக்கு வந்து வழிந்து கிடந்தார்கள். ஒருத்தன் பக்கத்தில் கிடந்தவனை நக்கிவிட்டான். வகுப்பு அத்தோடு முடிந்தது.

இணுவில் அம்மா:

ரீச்சர், அந்த வகுப்பில்தான் என் மகனும் இருக்கிறான். செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஏழு கிழமையாகக் குந்திக்கொண்டு இருப்பவன், தெரியும்தானே. ஒரு நாள் கூட எழும்பவில்லை. காசு வீணாகிறது, நிற்பாட்டுவோம் என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

நேற்றுப் பின்னேரம் குசினியில் நிற்கிறேன், விறாந்தையில் சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் அம்மம்மாவைக் கதிரையில் இருத்தி வைத்து இவன் வகுப்பு எடுக்கிறான். பதுங்கு, எம்பு, நொண்டு எல்லாம் ஒழுங்குமுறையாக வருகிறது, ஒன்றும் விடவில்லை. கையை மட்டும் பின்னால் கட்டியிருக்கிறான். கடைசியில் "உருகுங்கோ" என்றான். "எப்பிடியடா உருகிறது, காட்டு பாப்பம்" என்று அம்மா கேட்டார்.

"காட்டமாட்டன். நீங்களே யோசியுங்கோ."

முழங்கால் வருத்தக்காரி, நிலத்தில் குந்தி ஐந்தாறு வருடம் ஆகிறது. இருந்தும் கதிரையில் இருந்தபடியே தோள் ஒன்றைத் தொங்கவிட்டு, பிறகு தலையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உருகினார். அவன் கிட்டப் போய் நின்று உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"இன்னும் குச்சி தெரியேல்லை."