எனக்கு என்னதான் வேணும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? (வயசு 31, காரைக்குடி)

கழனிவாசல்:
வணக்கம். பெங்களூர் கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை, இப்போதைக்கு காரைக்குடி வீட்டிலிருந்தே பார்க்கிறேன். சிங்கப்பூர் கிளைக்குப் போறியா இல்லையான்னு மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். போனால் சம்பளம் ரெண்டரை மடங்கு. அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அதுதான் ஆசை. எனக்கு என்ன ஆசைன்னு கேட்டா முழிக்கிறேன்.

எழுதிப் பார்த்தா தெளிவு வரும்னு நண்பன் சொன்னான். புது நோட்டு வாங்கி, 'பத்து வருஷம் கழிச்சு நான்'னு தலைப்பு போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் ரெண்டே வரி: கடன் இருக்கக் கூடாது, ஆத்தா உடம்பு நல்லா இருக்கணும். அதுக்கு மேல பேனா நகரலை. மிச்சப் பக்கத்தில் கானாடுகாத்தான் பக்கம் இருக்கிற எங்க ஐயா (தாத்தா) வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான் லிஸ்ட்டை எழுதிட்டு எந்திரிச்சுட்டேன்.

உங்களுக்கெல்லாம் எந்த வயசில் தெரிஞ்சது? எப்படித் தெரிஞ்சது?

இரும்புக்கடை:
தம்பி, கேள்வியே தப்பு. 1974ல் எனக்கு 18. பி.யூ.சி. ரிசல்ட் வந்த வாரமே திருச்சியில் பெரியப்பா இரும்புக்கடைக்கு பஸ் ஏத்திட்டாங்க. உனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலை. முதல் வருஷம் கடையைக் கூட்டினேன், தண்ணி தெளிச்சேன், கம்பி எடை போட்டேன். ரெண்டாம் வருஷம் கணக்கு நோட்டு கைக்கு வந்தது. அப்புறம் கடையை விட்டு வீட்டுக்குப் போகவே மனசு வராது.

அந்தக் காலத்தில் நம்ம செட்டியார் வீடுகள்லேர்ந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டிக்கடை வேலைக்குப் போன பிள்ளைங்களும் இப்படித்தான். கல்லாப்பெட்டி பக்கத்தில் பெட்டியடிப் பையனா உட்கார்ந்து, ஏஜெண்டுக்கு அடுத்தாள் ஆகி, கடைசியில் ஏஜெண்ட். மூணு வருஷக் கணக்கை முடிச்சு ஊருக்கு வந்து, திரும்பக் கப்பலேறுவாங்க. வேலை கைக்கு வந்தா விருப்பம் தானா வரும். சிங்கப்பூர் போ. மூணு வருஷம் இரு. அப்புறம் உட்கார்ந்து யோசி.

கல்லூரிச்சாலை:
ஐயா, விருப்பம் வந்தவங்க வீடு கட்டினாங்க, அதை நாம இன்னைக்கு டூரிஸ்டுக்குச் சுத்திக் காட்டுறோம். வராதவங்க? பிடிக்காத பெட்டியடியில் 30 வருஷம் உட்கார்ந்து செத்தவர் கதையை எந்தப் பேரேட்டில் எழுதினாங்க?

பர்மாவையே எடுத்துக்குங்க. போனவங்க வட்டித் தொழிலுக்குப் போனாங்க, விவசாயம் பண்ணப் போகலை. 1930கள்ல நெல் விலை விழுந்து, கடன் வாங்கினவங்க கட்ட முடியாம, அடமானம் வைச்ச நிலமெல்லாம் இவங்க தலையில் வந்து விழுந்தது. 1938 வாக்கில் கீழ் பர்மா விளைநிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் கையில். 1942ல் ஜப்பான்காரன் வந்தான், 1963-64ல் தேசியமயம், எல்லாம் போச்சு. போற போக்கில் போனா, கேக்காததுதான் கையில் வந்து சேரும்.

இரும்புக்கடை:
படிச்ச பிள்ளை நல்லாத்தான் பேசுறே. நீ நடக்கிற அந்தக் காலேஜ் ரோடு எப்படி வந்தது? அழகப்ப செட்டியார் மில் வைச்சார், விமானக் கம்பெனி வைச்சார், எல்லாத்தையும் பார்த்தார். 1947ல் சென்னைக் கூட்டத்தில் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் 'கல்லூரி தொடங்க முன்வாருங்க'ன்னு கேட்டதும், அந்த வருஷமே காரைக்குடியில் கல்லூரி. சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வர்றதுக்கு 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். நோட்டு வாங்கித் தலைப்பு போட்டு உட்கார்ந்தா கண்டுபிடிச்சார்?

கல்லூரிச்சாலை:
மில்லும் விமானமும் வைச்சிருந்தவருக்கு மனசு மாற வசதி இருந்தது ஐயா. மாசத் தவணை கட்டுறவனுக்கு அந்த உதாரணம் ஆகுமா?

ஆத்தங்குடிக்காரன்:
எனக்குத் தெரிஞ்ச தொழிலை வைச்சுச் சொல்றேன். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிப் பூக்கல்லு போடுறப்ப கண்ணாடி மேல அச்சை வைச்சு, கட்டம் கட்டமா கலரை ஊத்துவோம். அச்சை எடுத்துட்டு காஞ்ச மணல்-சிமெண்ட் தூவி, மேல கலவையை வைச்சு அமுக்கணும். பூ அடியில், கண்ணாடிப் பக்கம் கிடக்கும். காஞ்சு, தொட்டித் தண்ணியில் ஊறி, கண்ணாடி கழண்டு வந்தாத்தான் முகம் தெரியும். செய்றவன் பார்க்கிறது பூரா முதுகுதான். தம்பி இப்ப முதுகைப் பார்த்துக்கிட்டு இருக்கார்.

கல்லூரிச்சாலை:
அண்ணே, அச்சு முன்னாடியே இருக்கே! எந்தப் பூன்னு தெரிஞ்சுதானே ஊத்துறீங்க?

ஆத்தங்குடிக்காரன்:
அது வாஸ்தவம். அச்சு முதலாளி கொடுக்கிறது.

கல்லூரிச்சாலை:
இங்க அப்பச்சி கொடுக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

செக்காலை ஆச்சி:
காலையிலேர்ந்து படிக்கிறேன், கப்பலேறினவங்க கதையாவே ஓடுது. வீட்டில் இருந்தவங்களையும் கொஞ்சம் சொல்றேன். எங்க அப்பத்தாவுக்கு 15 வயசில் கல்யாணம். பெரிய வீட்டுக்குள்ளேயே தனிக்குடித்தனமா வேறு வைச்சு ஒரு அறையும் ஒரு அடுப்பும் கொடுத்தாங்க. ஐயா ரங்கூனுக்குப் போயிட்டார். அப்பத்தா 40 வருஷம் அந்த வளவில் (நடு முற்றத்தைச் சுத்தின பகுதி) வத்தல் காயப் போட்டு, ஓலைக் கொட்டான் முடைஞ்சு, வர்றவங்களுக்கெல்லாம் பலகாரம் சுட்டாங்க. எல்லாரும் அவங்களுக்கு அதுதான் இஷ்டம்னு நினைச்சோம். கடைசிக் காலத்தில் ஒரு நாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'ஒரு தரமாவது கப்பல்ல போயிருக்கணும்டி'ன்னாங்க. ஐயாவைப் பார்க்கிறதுக்கு இல்லையாம், கப்பலுக்காகத்தானாம். அதனால தெரியலைங்கிறதை நான் சுலபத்தில் நம்பறதில்லை. தெரியும், வெளியில சொல்ல வாய் வராது.

கழனிவாசல் தம்பி, நோட்டின் மிச்சப் பக்கத்தில் எழுதினீங்களே சாமான் லிஸ்ட், அதை இங்க போடுங்க.

கழனிவாசல்:
அதுவா ஆச்சி? நாட்டு ஓடு 200. சுண்ணாம்பு 4 மூட்டை. கடுக்காய், கருப்பட்டி (அளவு கொத்தனாரைக் கேக்கணும்). ரெண்டாம் கட்டுக் கதவுக்குக் கீல் 2. கிணத்துக்குக் கப்பி, கயிறு. முற்றத்துத் தூம்பு அடைச்சிருக்கு, அதுக்கு ஆள். வடக்குப் பக்க அறையில் கரையான் மருந்து. எதுக்குக் கேக்குறீங்க?

செக்காலை ஆச்சி:
ஒரு மணி நேரத்தில் ரெண்டு வரி எழுதின கை, இதை எழுத எவ்வளவு நேரம் ஆச்சு?

கழனிவாசல்:
அஞ்சு நிமிஷம் இருக்கும்.

இரும்புக்கடை:
ஆச்சி, பிள்ளையைக் கெடுக்காதீங்க. வீடு ஒரு ஆசையா? அது கடன். எங்க வீட்டுக்கு 11 பங்கு. மழைக்கு முன்னாடி ஓடு மாத்தணும்னா 11 பேருக்கும் போன் பண்ணணும், மூணு பேர் எடுப்பாங்க, ஒருத்தர் பணம் அனுப்புவார். 1998ல் இடிச்சோம். தேக்குத் தூண் 14, நிலைக்கதவு 6, எல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போச்சு. நான்தான் லாரியில் ஏத்திவிட்டேன். இன்னைக்கு அந்த இடத்தில் வேலிக்கருவை. யாரும் சாகலை. ஊரோட ஒட்டிக்கிட்டு இருக்கிறவன் பாதிப் பேர் வெளியூர் வேலைக்குப் பயந்தவன். கோட்டையூர்க் கதையை யாராவது எடுத்துக்கிட்டு வருவீங்க, அதுக்கும் சேர்த்துச் சொல்லிடுறேன்: ரோஜா முத்தையா செட்டியார் போர்டு எழுதிச் சாப்பிட்டார், பழைய புத்தகம் சேர்த்துச் சாப்பிடலை.

செக்காலை ஆச்சி:
நீங்களே எடுத்துக் கொடுத்துட்டீங்க. போர்டு எழுதிக்கிட்டே ஒரு லட்சத்துக்குப் பக்கமா புத்தகமும் இதழும் அழைப்பிதழும் நோட்டீசும் சேர்த்தாரே! 1992ல் அவர் போன பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994ல் சென்னையில் அவர் பேரிலேயே நூலகமா நிறுத்தினது. சாப்பாட்டுக்கு ஒண்ணு, மனசுக்கு ஒண்ணுன்னு ரெண்டையும் வைச்சிருந்தார். தம்பிக்குக் கம்ப்யூட்டர் இல்லையா?

கல்லூரிச்சாலை:
ஆச்சி, இந்த இடத்தில் நான் ஐயா பக்கம். சாமான் லிஸ்ட் வாழ்க்கை ஆகாது. தள்ளிப் போட நினைக்கிறவன் வீட்டு வேலையில்தான் போய் ஒளிஞ்சுக்குவான். நான் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டிய வாரமெல்லாம் எங்க வீட்டு அலமாரி பளபளன்னு இருக்கும். கழனிவாசல், நேரா பதில் சொல்லுங்க. அந்த வீட்டில் நீங்க இருக்கணும்னு ஆசையா, இல்லை சிங்கப்பூருக்கு மூட்டை கட்டாம இருக்க ஒரு சாக்கா?

கழனிவாசல்:
ரெண்டு நாள் பதில் போடலை, மன்னிக்கணும்.

சனிக்கிழமை காலையில் போய்த் திறப்பேன். முகப்புக் கதவுச் சாவி ஒரு ஜாணுக்கு மேல நீளம், ரெண்டு கையால திருகணும். உள்ளே வவ்வால் வாடை. ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு வளவில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அங்க தூண் எல்லாம் மங்கிக் கிடக்கு. ஆனா ஒவ்வொண்ணிலும் என் இடுப்பு உயரத்துக்கு மட்டும் ஒரு பட்டை மினுமினுன்னு இருக்கும். பிள்ளைங்க பிடிச்சுச் சுத்திச் சுத்தி விளையாடின இடம். அதில் என் கையும் உண்டு. போன வாரம் யாரும் பார்க்கலைன்னு ஒரு சுத்து சுத்தினேன், தலை கிறுகிறுத்துப் போச்சு.

சாக்கான்னு கேட்டீங்க. கொஞ்சம் சாக்கும் இருக்கலாம். ஆனா நோட்டில் இதை ஏன் எழுதலைன்னு யோசிச்சேன். வெட்கம்தான். பெண் பார்க்கிற இடத்தில் 'மாப்பிள்ளை சிங்கப்பூர்'னா காபி வர்ற வேகம் வேற, 'மாப்பிள்ளை ஊரோட இருக்கார்'னா வேற. அப்பச்சி முகம் எப்படிப் போகும்னும் தெரியும். ஆச்சி சொன்ன மாதிரி எனக்குத் தெரியாம இல்லை.

இரும்புக்கடை ஐயா சொல்றதும் பொய்யில்லை. எங்க வீட்டுக்கு 9 பங்கு. ரெண்டு பேரைக் கேட்டேன், 'பார்த்துக்கப்பா, பணம் மட்டும் கேக்காதே'ன்னாங்க. கம்பெனியில் சிங்கப்பூர் வேண்டாம், இன்னும் ஒரு வருஷம் இங்கிருந்தே பார்க்கிறேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். சம்பள உயர்வு கிடையாதுன்னு வாய்மொழியாச் சொல்லிட்டாங்க, மத்தது இன்னும் பதில் வரலை. அப்பச்சி பேசாம இருக்கார். வியாழக்கிழமை கொத்தனார் வர்றார், வடக்குச் சுவரையும் கூரை ஓடுகளையும் பார்க்க.

கல்லூரிச்சாலை:
ஒரு வருஷத்துக்குப் பிறகு?

கழனிவாசல்:
தெரியலை. இது நிஜமாவே தெரியலை.

ஆத்தங்குடிக்காரன்:
தரையில் கல்லு உடைஞ்சிருந்தா ஒரு போட்டோ போடுங்க தம்பி. பழைய அச்சு எங்ககிட்ட இருந்தாலும் இருக்கும்.

இரும்புக்கடை:
நான் சொன்னது சொன்னதுதான், நீ பண்றது எனக்குச் சரியாப் படலை. ஆனா வியாழக்கிழமை கொத்தனார் வந்ததும் முதல்ல சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறினதுன்னு கேளு. வண்டியில் சிமெண்ட் மூட்டை இருந்தா இறக்கவே விடாதே. பழைய சுண்ணாம்புச் சுவத்தில் சிமெண்டைப் பூசினா ஈரம் உள்ளேயே நின்னு, ரெண்டு மழையில் பாளம் பாளமா உரியும். எங்க வீட்டில் அப்படித்தான் ஆரம்பிச்சது.