கலைச்சொல்: ரீசைசிங் – ‘மறுஅளவிடல்’ வேண்டாம், ‘ஒடுக்கல்’ போதும்

அன்புள்ள குழுவினருக்கு,

> ரைஃபிள் தோட்டாக் கட்டுரையில் ரீசைசிங் என்பதை ‘மறுஅளவிடல்’ என்றே வைத்துக்கொள்ளலாம். கணினியில் படங்களுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது.

படங்களுக்குச் சரி. தோட்டாக் கூட்டுக்கு ஒத்துவராது. இங்கே ரீசைசிங் என்பது, சுட்டு முடித்த தோட்டாவின் காலிக் கூட்டை மறுபடி நிரப்புவதற்காக அச்சில் அழுத்திக் குறுக்குவது. அளவிடுவது என்றால் நமக்கு அளந்து பார்ப்பது. அமெரிக்காவில் குறி பிசகாமல் சுடுவதற்காகத் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறவர்கள் காலிப்பரை, அதாவது நுட்பமாக அளக்கும் கருவியை, கீழே வைப்பதே இல்லை. அச்சில் அழுத்துவதற்கு முன்பும் அளப்பார்கள், பின்பும் அளப்பார்கள். ‘கூட்டை மறுஅளவிடவும்’ என்று எழுதினால் வாசகர் காலிப்பரைத்தான் எடுப்பார்.

கூடு, நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. சுடும்போது உப்பி, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் தணிந்ததும் கொஞ்சம் சுருங்கும். பழைய அளவுக்கு வராது. அதனால்தான் அச்சுக்குள் விட்டு அழுத்த வேண்டியிருக்கிறது.

ஓகையோவில் ஒரு நண்பர் .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவின் கூடுகளை அழுத்தும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். விரல் நுனியில் மசகு தொட்டுக் கூட்டின் உடம்பில் மட்டும் மெல்லிசாகத் தடவினார். தோளில், அதாவது உடம்பு கழுத்தாகக் குறுகும் சரிவில், மசகு தேங்கினால் அங்கே குழி விழுந்துவிடும். நெம்புகோலை என்னிடம் கொடுத்தார். உடம்பு அச்சுக்குள் நுழையும் இடத்தில் கை கனத்தது. வெளியே வந்த கூடு ஒல்லியாகியிருந்தது, நீளமோ கூடியிருந்தது! பிசைந்த மாவை உள்ளங்கையில் இறுக்கினால் மேலே பிதுங்குமே, அப்படி. 2.015 அங்குலத்தைத் தாண்டினால் வாயை வெட்டிக் குறைக்க வேண்டும். சுற்றளவு குறைந்து நீளம் கூடுகிற வேலைக்கு ‘அளவு’ என்ற பொதுச்சொல் எதையும் காட்டாது.

‘ஒடுக்கல்’ காட்டும். ஒடுக்கமான சந்து என்கிறோம், கேட்டவுடன் குறுகல் கண்ணில் தெரிகிறது. குண்டைப் பிடித்துக்கொள்ளும் கழுத்தை மட்டும் அழுத்துவது கழுத்தொடுக்கல், கூடு முழுவதையும் அழுத்துவது முழுவொடுக்கல். பாத்திரத்தில் விழும் ஒடுக்கு நினைவுக்கு வராதா என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் அது ஒடுக்கு, இது ஒடுக்கல். ‘கழுத்தை ஒடுக்கவும்’ என்ற வாக்கியத்தில் யாரும் குழம்ப மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அப்புறம், ஷோல்டர் பம்ப். ‘தோள் மோதல்’ என்ற பரிந்துரையைத் தயவுசெய்து கைவிடுங்கள். இங்கே எதுவும் மோதுவதில்லை. உடம்பை ஒடுக்கும்போது தோள் முதலில் முன்னே எழும்புகிறது; அச்சு அதைப் பிறகு கீழே இறக்குகிறது. கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் துப்பாக்கிக்குப் பொதுவாக 0.001 முதல் 0.002 அங்குலம் இறக்கினால் போதும். அளவு மீறினால் அறைக்குள் இடைவெளி விழும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு இழுபட்டு, அடிப்பக்கம் வளையமாக மெலிந்து, கடைசியில் அங்கேயே பிய்ந்துவிடும். சுடுபவரின் முகத்துக்கு நேரே நடக்கிற விஷயம் இது. ஆகவே ‘தோள் இறக்கம் 0.002 அங்குலம்’ என்று எண்ணோடு எழுதத் தோதான சொல்லே வேண்டும்.

அனீலிங் மிச்சமிருக்கிறது. பலமுறை ஒடுக்கி இறுகிப்போன கழுத்தைச் சூடாக்கி மிருதுவாக்குவது. ‘பதப்படுத்தல்’ வேண்டாம், பட்டறையில் அரிவாளுக்குப் பதம் வைப்பது கெட்டிப்படுத்தத்தான், இங்கே வேலை நேரெதிர். ‘இளக்கல்’ என்று வைக்கலாமா? பித்தளை வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்