வாணவேடிக்கைக்குக் கைப்பிள்ளையோட போகலாமா? சிட்னிக்குப் புதுசா வந்த டெல்டாக்காரங்களுக்கு

மன்னார்குடி, இப்ப சிட்னி:
வணக்கம். பொண்ணுக்கு 4 வயசு, பையனுக்கு ஒன்றரை. எங்க கவுன்சில்ல (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) பல நாட்டுக்காரங்க சேர்ந்து நடத்துற விழா வருது. சாயங்காலம் 4 மணிக்கு ஆரம்பம், 9 மணிக்கு வாணவேடிக்கைன்னு போட்டிருக்காங்க. கோயில் திருவிழாவுல அதிர்வேட்டு கேட்டுப் பழகின பிள்ளைங்கதான். கூட்டிட்டுப் போகலாமா? என்னென்ன எடுத்துக்கணும்?

திருவையாறு, இப்ப பாரமட்டா பக்கம்:
தாராளமா போங்க தம்பி. ஆனா விழாவையும் வாணவேடிக்கையையும் தனித்தனியா பிரிச்சுக்கோங்க. நாலரைக்குப் போய் ஏழு, ஏழேகால் வரைக்கும் மைதானத்துல இருங்க. ஆட்டம், ராட்டினம், சாப்பாடு எல்லாம் அதுக்குள்ள முடிஞ்சிடும். அப்புறம் வெளியே வந்து, ஒரு கிலோமீட்டர் தள்ளி மேடான இடமா பார்த்து உட்கார்ந்து வேடிக்கை பாருங்க. பெரிய வாணம் உசரத்துல போய்த்தான் விரியும், மரமோ கட்டடமோ மறைக்காம இருந்தா அங்கேருந்தே முழுசா தெரியும். கிட்டக்க நின்னா கழுத்து வலிதான் மிச்சம். இடத்தை முந்தின நாளே போய்ப் பார்த்துடுங்க.

ஊர்ல சாமி புறப்பாடு ராத்திரி 11 மணிக்குன்னாலும் பிள்ளை பாட்டி மடியில தூங்கும். வேட்டு விடுறப்ப எழுப்பிக் காட்டிட்டு மறுபடி படுக்கப் போட்டுடலாம், வீடு ரெண்டு தெரு தள்ளி. இங்க வீட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். வெயில், கூட்டம், மைக் செட்னு அஞ்சு மணி நேரம் கிடந்த பிள்ளை எட்டரைக்கே சிணுங்க ஆரம்பிச்சிடும். வாணத்துக்குப் பயந்துதான் அழுவுதுன்னு நாம நெனச்சுக்குவோம், பாதிப் பேருக்கு அது வெறும் அசதி. அன்னிக்கு மத்தியானம் ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும் ரெண்டு பேரையும் தூங்க வெச்சுடுங்க.

9 மணிக்கு ஏன் வைக்கிறாங்கன்னா, இங்க அக்டோபர் முதல் ஞாயித்துக்கிழமைலேருந்து ஏப்ரல் முதல் ஞாயித்துக்கிழமை வரைக்கும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும். தஞ்சாவூர்ல வருஷம் பூரா அஞ்சே முக்கால், ஆறே முக்காலுக்குள்ள பொழுது சாஞ்சிடும். சிட்னியில டிசம்பர் கடைசின்னா 8 மணி தாண்டும், பிப்ரவரி கடைசியில ஏழரை. நல்லா இருட்ட அதுக்கு மேல அரை மணி. இதையே திருப்பிப் பாருங்க: சாயங்காலம் 4 மணிங்கிறது சூரியன் கணக்குல 3 மணி. "சாயங்காலம்தானே"ன்னு தொப்பி இல்லாம கூட்டிட்டுப் போய் முகம் செவந்து வர்றவங்க நிறைய. எஸ்பிஎஃப் 50 சன்ஸ்க்ரீன் கிளம்புறதுக்கு 20 நிமிஷம் முன்னாடி தடவி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மறுபடி தடவணும். காத்து திடீர்னு தெக்குலேருந்து வீச ஆரம்பிச்சா கொஞ்ச நேரத்துலயே 10 டிகிரி கூட இறங்கும், அதனால ஆளுக்கு ஒரு மெல்லிசு ஸ்வெட்டர் பையில இருக்கட்டும்.

"கேட்டுப் பழகின பிள்ளைங்க"ன்னீங்களே, அதை மட்டும் நம்பாதீங்க. மனசு பழகும், காது பழகாது. உள்காதுல இருக்கற நுண்ணிய மயிர் செல்கள் செத்தா மறுபடி முளைக்காது. வெடி மாதிரி சட்டுன்னு வர்ற சத்தத்துக்குப் பெரியவங்களுக்கு 140 டெசிபெல், சின்னப் பிள்ளைங்களுக்கு 120ன்னு உலக சுகாதார நிறுவனம் உச்ச அளவு சொல்லியிருக்கு. கிட்டத்துல வெடிக்கிற வாணம் இதைத் தாண்டிடும். தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் சுமார் 6 டெசிபெல் குறையும். வெளிச்சம் தெரிஞ்சதும் எண்ண ஆரம்பிங்க, சத்தம் வர மூணு விநாடி ஆனா ஒரு கிலோமீட்டர். ஒரு விநாடிக்குள்ள வந்தா ரொம்பக் கிட்ட இருக்கீங்கன்னு அர்த்தம். முதுகுக்குப் பின்னாடி உசந்த சுவர் இருக்கற இடம் வேணாம், சத்தம் மோதித் திரும்பி வரும்.

வாணம் பத்து, பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். மேடை ஸ்பீக்கர் மூணு மணி நேரம் ஓடும். டான்ஸ் நல்லா தெரியணும்னு பிள்ளையை மேடைக்கு ஓரமா, ஸ்பீக்கர் வாய்க்கு நேரா நிக்க வைக்கிறதுதான் நான் பார்த்த வரைக்கும் பெரிய தப்பு. நடுவுல, நல்லா பின்னாடி நில்லுங்க. பக்கத்துல இருக்கறவர்கிட்ட கத்தித்தான் பேச முடியுதுன்னா அந்த இடம் பிள்ளைக்கு ஆகாது.

காதுக்குப் பஞ்சு வைக்காதீங்க, பேருக்குத்தான் குறையும். ஃபோம் அடைப்பானும் சின்னவங்களுக்கு வேணாம்: காதுல சரியா உட்காராது, பிடுங்கி வாயில போட்டா தொண்டையில சிக்கும். தலையில மாட்டுற இயர்மஃப்தான் சரி. பெட்டியில ஏஎஸ்/என்இசட்எஸ் 1270னு தர எண் போட்டிருக்கும், பக்கத்துல கிளாஸ் 1லேருந்து 5 வரை. 5தான் அதிகமா தடுக்கும். பையனுக்கு மிருதுவான பட்டை வெச்ச குழந்தை மஃப் வாங்குங்க, பொண்ணுக்குப் பிள்ளைங்க சைஸ். கிண்ணம் காது மடலை முழுசா மூடி, தோலோட ஒட்டி உட்காரணும். ஜிமிக்கி, தொப்பி வார், காதுக்கு மேல இழுத்துப் பின்னின சடை, இதுல எது நடுவுல மாட்டினாலும் இடுக்கு விழுந்து சத்தம் உள்ள வந்துடும். பட்டுப் பாவாடை கட்டுங்க, பூ வையுங்க, ஜிமிக்கியைக் கழட்டிக் குட்டிக் கம்மல் போடுங்க. விழாவுக்கு ஒரு வாரம் முன்னாடியே வீட்டுல மிக்ஸி ஓடுறப்ப மாட்டி விளையாட்டு மாதிரி பழக்கணும். அன்னிக்குத்தான் முதல்ல மாட்டுனா பிடுங்கி எறியும்.

இளைப்பு இருக்கற பிள்ளைன்னா இன்ஹேலரும் ஸ்பேசரும் கையில இருக்கணும். கொடி எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாருங்க, அந்தப் பக்கம்தான் புகையும் சாம்பலும் போகும். எதிர்ப் பக்கமா உட்காருங்க.

அப்புறம், ரொம்பக் காத்தடிச்சாலோ வெளியில தீயே மூட்டக் கூடாதுன்னு மொத்தத் தீத்தடை அறிவிச்சாலோ வேடிக்கையை ரத்து பண்ணிடலாம். கிளம்புறதுக்கு முன்னாடி கவுன்சில் பக்கத்தைப் பார்த்துட்டு, அப்புறம் பிள்ளைங்ககிட்ட வாக்குக் கொடுங்க.

நாகூர், இப்ப ஆபர்ன்:
திருவையாறு அக்கா சாப்பாட்டை விட்டுட்டாங்க. ஆறு மணிக்கு மேல கடை வரிசை நீண்டுடும், அஞ்சு மணிக்கே பிள்ளைங்களுக்கு ஊட்டிடுங்க. காரம் தின்னாத பிள்ளைக்குத் துருக்கிக் கடை கோஸ்லெமே நல்லது: மெல்லிசா தேய்ச்ச மாவுக்குள்ள கீரையும் சீஸும் வெச்சு மடிச்சுக் கல்லுல சுடுவாங்க. சைவம் சாப்பிடறவங்க கேட்டுத்தான் வாங்கணும். "வெஜிடேரியன்"னு எழுதியிருந்தாலும் முட்டை இருக்கலாம், தாய்லாந்து, வியட்நாம் கடையில மீன் சாஸ் ஊத்தியிருக்கலாம், உருளைக்கிழங்கை கோழி பொரிச்ச எண்ணெயிலேயே போட்டிருக்கலாம். ஹலால் வேணும்னாலும் வாய் விட்டுக் கேளுங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

வீட்டுலேருந்து எடுத்துட்டுப் போறதா இருந்தா ஆடிப்பெருக்குக்கு ஆத்தங்கரைக்குக் கட்டுவோமே, அதே கட்டுச்சோறுதான்: புளியோதரை, எலுமிச்சஞ்சாதம், பொடி தடவின இட்லி. தயிர்சாதம் எடுத்தா ஐஸ் பேக்கோட எடுங்க. கண்ணாடி பாட்டிலை வாசல்ல பை சோதிக்கிறப்பவே வாங்கி வெச்சுடுவாங்க.

மின்னுற பொம்மை விக்கிறவங்ககிட்ட மட்டும் உஷாரா இருங்க. உள்ள பொத்தான் பேட்டரி இருக்கும். 2022 ஜூன்லேருந்து பிள்ளைங்க திறக்க முடியாத மாதிரி பேட்டரியை மூடின பொம்மையைத்தான் இங்க விக்கணும்னு சட்டம், ஆனா தற்காலிகக் கடையில எல்லாமே அப்படி இருக்கும்னு நம்ப முடியாது. நகத்தால மூடி திறந்துச்சுன்னா வாங்காதீங்க. முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே 13 11 26, விஷ முறிவுத் தகவல் மையம், 24 மணி நேரமும் எடுப்பாங்க. மூச்சுத் திணறினா நேரா அவசர எண் 000. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒளிரும் குச்சியைக் கடிச்சு உடைச்சா அவ்வளவு பயம் இல்ல, கசக்கும். வாயைத் துடைச்சுத் தண்ணி கொடுத்துட்டு அதே நம்பர்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

மாயவரம், இப்ப டூங்காபி:
பிள்ளை தொலைஞ்சா என்னன்னு யாரும் சொல்லலையே. மைதானத்துக்குள்ள நுழைஞ்சதும் ரெண்டு பேரையும் முழுசா ஒரு போட்டோ எடுங்க, அன்னிக்குப் போட்ட உடுப்பு தெரியற மாதிரி. முன்கையில பேனாவால உங்க நம்பர் எழுதி, மேல ஒட்டுற பிளாஸ்திரி போட்டா வேர்வையில அழியாது. நாலு வயசுக்கு "அப்பா பேர் என்ன?"ன்னா "அப்பா"ன்னுதான் சொல்லும். உங்க முழுப் பேரை வாயில பழக்குங்க. நம்மில் பல பேருக்கு அப்பா பேர்தான் குடும்பப் பேர் இடத்துல இருக்கும், பிள்ளைக்கு ஒண்ணு, அம்மாவுக்கு இன்னொண்ணு. போலீஸ் கேட்டா முதல்லயே அதைச் சொல்லிடுங்க, குழப்பம் மிச்சம். 000ல இங்கிலீஷ் தடுமாறினா "தமிழ்"னு சொன்னா மொழிபெயர்ப்பாளர் போட்டுக் கொடுப்பாங்க. மத்த விஷயத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேணும்னா 131 450.

கழிவறைக்கு வேடிக்கைக்கு 45 நிமிஷம் முன்னாடியே போயிடுங்க. கடைசி அரை மணியில வரிசை நகராது.

ரயில்ல போறது நல்லது. மூணு வயசு வரைக்கும் டிக்கெட் இல்ல, பொண்ணுக்கு மட்டும் பிள்ளைங்க ஓபல் கார்டு (ரயில், பஸ் பயண அட்டை) வேணும். லிஃப்ட் இருக்கற ஸ்டேஷனா பார்த்துக்கோங்க. கார்ல போனா விழாவுக்குன்னு வெச்ச தற்காலிகப் பலகையைப் படிக்காம நிறுத்தாதீங்க, இழுத்துட்டுப் போயிடுவாங்க.

மன்னார்குடி, இப்ப சிட்னி:
ரொம்ப நன்றி. ஊர்லேருந்து வந்தப்ப மாமா கொஞ்சம் கம்பி மத்தாப்பு கொடுத்து விடறேன்னாங்க, வேணாம்னுட்டோம். இங்க வாங்கிக் கொளுத்தலாமா?

திருவையாறு, இப்ப பாரமட்டா பக்கம்:
வேணாம்னது நல்லதாப் போச்சு தம்பி, விமானத்துல பட்டாசு எந்தப் பெட்டியிலயும் ஏத்தக் கூடாது. லைசென்ஸ் இல்லாம சரவெடி, வாணம் விடறது நியூ சவுத் வேல்ஸ்ல குத்தம். கம்பி மத்தாப்பு கடையில கிடைக்கும், ஆனா விழா மைதானத்துக்குள்ள எடுத்துட்டுப் போகாதீங்க. வீட்டு முத்தத்துல கொளுத்தினா அஞ்சு வயசுக்குக் கீழ கையில கொடுக்காதீங்க. நுனி ஆயிரம் டிகிரியைத் தாண்டும், அணைஞ்ச கம்பியை மிதிச்சுத்தான் நிறைய பேருக்குக் கால் பொத்துப் போகுது. பக்கத்துல ஒரு வாளித் தண்ணி வெச்சு, முடிஞ்ச கம்பியை உடனே அதுல போடுங்க. நைலான் பாவாடை கூடாது, பருத்தி உடுப்பு போட்டு விடுங்க.

சுட்டா குழாயைத் திறந்து ஓடுற தண்ணியில முழுசா 20 நிமிஷம் காட்டணும். ஐஸ், பற்பசை, மஞ்சள், இங்க் எதுவும் வேணாம். தண்ணி உடனே கிடைக்கலைன்னா மூணு மணி நேரத்துக்குள்ள காட்டினாலும் பலன் உண்டு. மெடிகேர்ங்கிற அரசு மருத்துவக் காப்பீடு இருந்தாலும் ஆம்புலன்ஸ் செலவு அதுல வராது, உங்க இன்ஷூரன்ஸ்ல இருக்கான்னு இன்னிக்கே பார்த்துடுங்க.