அப்டேட்: அம்மா பேர்ல ஸ்கூலுக்கு உதவி பண்றது பத்தி

போன மாசம் கேட்டிருந்தேன்ல, அம்மாவோட அறுபதாவது பொறந்தநாளுக்கு தி.நகர் போய் வளையல் வாங்கறதுக்கு பதிலா செய்யாறு பக்கத்துல அவங்க படிச்ச அரசுப் பள்ளிக்கு ஏதாவது செஞ்சு குடுக்கலாமான்னு, நிறைய பேர் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' பாருங்கன்னு சொன்னீங்க, ரொம்ப நன்றி. 2022 டிசம்பர்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச திட்டம், எந்த ஸ்கூலுக்குன்னு நாமளே தேர்ந்தெடுத்து ஆன்லைன்ல குடுக்கலாம்.

ஆனா பணம் கட்றதுக்கு முன்னாடி ஹெட்மாஸ்டர்கிட்டயும் பள்ளி மேலாண்மைக் குழுல இருக்கற அம்மாக்கள்கிட்டயும் கண்டிப்பா பேசுங்க. நாங்க ஸ்மார்ட் போர்டு பத்திதான் பேசிட்டிருந்தோம், அம்மா போனை வாங்கி கேட்ட மொத கேள்வியே "ஏம்மா, பொம்பளப் புள்ளைங்க பாத்ரூம்ல தாழ்ப்பாள் இருக்கா?" இல்லையாம், கயித்தால கட்டி வெச்சிருக்காங்களாம். அம்மா அஞ்சாவதோட நின்னவங்க, எதைக் கேக்கணும்னு அவங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. அதனால அண்ணனும் நானும் போடற காசு கதவு, தண்ணி டேங்க், குழாய்க்குத்தான்.

மதுரைல ஆயி பூரணம் அம்மாள் 2024ல தன் மக ஜனனி நினைவா ஒன்றரை ஏக்கருக்கு மேல நிலத்தையே கொடிக்குளம் அரசுப் பள்ளிக்கு எழுதிக் குடுத்தாங்கல்ல, அம்மா அதை அடிக்கடி சொல்வாங்க, அவங்க முன்னாடி நாங்க குடுக்கறது ரொம்ப சின்னது.

வரி பத்தி கேட்டவங்களுக்கு: நன்கொடைக்கு வருமான வரில கிடைக்கற கழிவு (80ஜி) பழைய வரி முறைலதான், அதுவும் 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா கிடையாது, ஆன்லைன்லயே கட்டிடுங்க.