யூனியன் ஃபேக்டரி கருமருந்து, ரொட்டிக்குள் ரிவால்வர்: நாஜிகளை எதிர்த்த யூதப் பெண்களைப் பற்றிய நாவல்களில் உறுத்திய காட்சிகள் இருந்தால் எழுதுங்கள்

கூழாங்கல்:
ஆஷ்விட்ஸ் நாஜி முகாமின் யூனியன் ஆயுத ஃபேக்டரியில் வேலை செய்த யூதக் கைதிப் பெண்களை வைத்து எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் வழுக்குகிறார்கள். கதாநாயகி ஒரு பை வெடிமருந்தை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலைத் தாண்டுகிறாள். பையா? எஸ்டெர் வைச்ப்ளூம், ரெகினா சஃபிர்ஷ்டைன் என்ற கைதிகள் இருந்த வெடிமருந்து அறையிலிருந்து வெளியே போனது ஆளுக்கு ஒரு நாளைக்கு ஓரிரு தேக்கரண்டி. அதையும் துணித்துண்டில் முடிந்து ஆடைக்குள் கட்டிக்கொள்வார்கள். குறைவது தெரியாமலிருக்க, கழிவுத்தூளை நல்ல தூளோடு கலந்து அச்சில் போட்டுவிடுவார்கள்.

மனசை விட்டுப் போகாதது வேலை முடிந்து முகாமுக்குத் திரும்பி வரும் வரிசை. முன்னால் சோதனை நடப்பது தெரிகிறது. முடிச்சை அவிழ்த்துத் தூளைத் தரையில் சிந்தவிட்டு, நடந்தபடியே காலால் மண்ணோடு தேய்த்துவிட வேண்டும். அன்றைய உழைப்பு அதோடு போச்சு. நாவலில் இது வருவதே இல்லை. எல்லா நாளும் ஜெயித்தால்தானே அவர்களுக்குக் கதை!

இன்னொன்று. இந்த மருந்து எதற்காகக் கடத்தப்பட்டதோ அந்த 1944 அக்டோபர் 7 எழுச்சியில், பிணங்களை எரித்த நான்காம் எரிகூடம் "வெடித்துச் சிதறியது" என்று எழுதாதீர்கள். பிணங்களை எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகளான சோண்டர்கமாண்டோ ஆட்கள் அதற்குத் தீ வைத்தார்கள்.

மைக்கூடு:
ப்ரோன்கா க்ளிபான்ஸ்கி, போலந்தின் பியாலிஸ்டாக் நகர யூத எதிர்ப்பு இயக்கத்தின் தூதுப் பெண். பெட்டியில் நாட்டு ரொட்டி, ரொட்டிக்குள் ஒரு ரிவால்வரும் இரண்டு கைக்குண்டுகளும். ரயில் நிலையத்தில் ஜெர்மன் போலீஸ்காரன் என்ன இருக்கிறது என்று கேட்கிறான். சாப்பாட்டுச் சாமான் கடத்துகிறேன் என்று "ஒப்புக்கொள்கிறார்"! அவன் பெட்டியைத் திறக்கவில்லை. அதற்கும் மேலே, இந்தப் பெண்ணை யாரும் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள் என்று நடத்துனரிடம் சொல்லி அனுப்புகிறான்.

ஊரே உணவு கடத்திய காலம். சின்னக் குற்றத்தை ஒத்துக்கொண்டால் பெரிய குற்றத்தை யாரும் தேடமாட்டார்கள். நாவல்காரர்கள் இதே இடத்தில் கதாநாயகியைச் சிரித்து மயக்க வைக்கிறார்கள். எரிச்சலாக வருகிறது.

தாழ்வாரம்:
கூழாங்கல் சொல்வது சரி, ஆனால் தேக்கரண்டிக் கணக்குக்கு முன்னால் திருத்த வேண்டியது ஒன்று இருக்கிறது. வார்சா கெட்டோ காட்சியில் மார்பில் மஞ்சள் நட்சத்திரம்! அட்டைப்படத்திலேயே போடுகிறார்கள். வார்சா இருந்த ஜெனரல் கவர்மெண்ட் (ஜெர்மனி பிடித்துத் தனியாக ஆண்ட போலந்துப் பகுதி) பகுதியில் 1939 டிசம்பர் 1 முதல் பத்து வயதுக்கு மேற்பட்ட யூதர்களுக்கு வலது கையில் வெள்ளைப் பட்டை, அகலம் குறைந்தது 10 செ.மீ., அதில் நீல நட்சத்திரம். மஞ்சள் அடையாளம் அந்தப் பகுதிக்கு வெளியே, பியாலிஸ்டாக், வில்னா பக்கம். கதைக்கே இது முக்கியம். பட்டை என்றால் ஒரு சந்துக்குள் நுழைந்து உருவிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். தைத்த துணியைப் பிரித்தால் நூல் தடம் காட்டிக்கொடுக்கும்.

போலந்துக்காரியாக வேடமிட்ட யூதப் பெண்ணை எழுத நினைப்பவர்களுக்கு இன்னும் சில. ஜெர்மானியர் கொடுத்த கென்கார்ட்டே அடையாள அட்டை போலந்துக்காரர்களுக்குச் சாம்பல் நிறம், விரல்ரேகையும் உண்டு. முழுப் போலியை விட, இறந்துபோன ஒருத்தியின் ஞானஸ்நானச் சான்றிதழைக் காட்டி வாங்கிய அசல் அட்டைதான் சோதனையில் நிற்கும். அப்போது அந்தச் செத்தவளின் பங்குத் தேவாலயம், அப்பா அம்மா பேர், பிறந்த தேதி எல்லாம் மனப்பாடம். பிறந்தநாளைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள், போலந்தில் கொண்டாடுவது பெயர் நாள், அதாவது தன் பெயருள்ள புனிதரின் நாள். உன் பெயர் நாள் என்றைக்கு என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டு, பதில் வரத் தாமதமானால் முடிந்தது. கைகளை ஆட்டிப் பேசும் பழக்கத்தை மறைக்கக் குளிர்காலத்தில் மஃப் உறைக்குள் கையை வைத்துக்கொள்வார்கள். ஜூலையில் மஃப் மாட்டி விடாதீர்கள். ரொட்டிக்குள் என்ன குண்டு என்றும் யோசியுங்கள். ஜெர்மன் குச்சிக் கைக்குண்டு 36 செ.மீ., எந்த ரொட்டியிலும் அடங்காது. முட்டை வடிவ மாடல் 39 என்றால் 8 செ.மீ.கூட இல்லை, 230 கிராம். வார்சாவிலிருந்து பியாலிஸ்டாக் என்றால் மால்கினியாவில் எல்லைச் சோதனை, ஒரே நாட்டுக்குள் போவது போல எழுத முடியாது.

மைக்கூடு:
தாழ்வாரம் ஐயா, யாரும் கேட்காமலே பாடத்திட்டம் போட்டுவிட்டீர்கள்! அதில் பெரிய விஷயமே விட்டுப்போச்சு. தூதுக்கும் கடத்தலுக்கும் பெண்களை ஏன் அனுப்பினார்கள்? ஆணைச் சந்தேகப்பட்டால் கால்சட்டையைக் கழற்றச் சொல்வார்கள், விருத்தசேதனம் தெரிந்துவிடும். பெண்ணுக்கு அந்தச் சோதனை இல்லை. அதோடு பையன்கள் மதப்பள்ளிக்குப் போன வீடுகளிலும் பெண்பிள்ளைகள் போலிஷ் பள்ளியில் படித்தார்கள், பேச்சில் யூதர்களின் யித்திஷ் மொழி வாடை அடிக்காது. பொன்னிற முடி அதற்கெல்லாம் அப்புறம். பெராக்சைடு போட்ட முடியில் கொஞ்ச நாளில் அடிக்கருப்பு எட்டிப்பார்க்கும், அதுவே ஆபத்து.

பழுப்புத்தாள்:
எல்லாரும் தூதுப் பெண்களோடு நின்றுவிட்டீர்கள். வார்சா கெட்டோ எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான ஸிவியா லுபெட்கின் எங்கே? 1943 மே 10, வார்சாவின் ப்ரோஸ்டா தெரு. கெட்டோவிலிருந்து தப்பிச் சாக்கடைக்குள் ஒரு நாளுக்கும் மேலாகக் காத்திருந்த போராளிகள் பட்டப்பகலில் மேன்ஹோல் வழியாக ஏறி ஒரு லாரிக்குள் போகிறார்கள். நாவலில் இதை இரவில் வைக்கிறார்கள், எல்லாரையும் தப்பிக்க வைக்கிறார்கள். லாரி நிற்க முடியாமல் கிளம்பியபோது சிலர் இன்னும் கீழேயே இருந்தார்கள். அவர்களுக்காகத் திரும்பிப் போக வேண்டும் என்று மேலே நடந்த சண்டையை ஒருவராவது எழுதியிருக்கிறாரா?

கூழாங்கல்:
நான் பார்த்தவரை இல்லை. யூனியன் நாவல்களிலும் அதே கைதான். மருந்து கடத்தலில் பிடிபட்ட ரோஸா ரொபோட்டா, ஆலா கெர்ட்னர், ரெகினா, எஸ்டெர் நால்வரையும் ஒன்றாகத் தூக்கில் போடுவார்கள். 1945 ஜனவரியில் நடந்தது இரண்டிரண்டு பேராக, இரு ஷிப்டும் நின்று பார்க்கும்படி. மூன்று வாரம் கழித்து சோவியத் படை வந்துவிட்டது.